மெஷினுக்கு வேர்க்குது

"ஏம்மா, காலையில சாப்ட்டியா?"

மயக்கம் தெளிந்து உட்கார்ந்த செல்வலட்சுமியிடம் முதலாளி நாகப்பன் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"நாலு இட்லி சாப்பிட்டேன் சார்."

"அதான். வெயில் காலத்துல அவ்ளோ சாப்பிடக் கூடாது."

சேரப்பணஞ்சேரியில் நாகப்பனின் பட்டறை முழுக்கத் தகரம். சுவரும் தகரம், கூரையும் தகரம். கார் கம்பெனிக்குப் பிராக்கெட் செய்து அனுப்பும் இருபது பேர், கத்திரி வெயிலில் அதற்குள் வெந்துகொண்டிருந்தார்கள். சூட்டைத் தடுக்கக் கூரைக்கு ஏதாவது போடச் சொல்லிக் கேட்டு இரண்டு வருஷம் ஆகிறது. இந்தத் தடவை அவர்களில் ஒருவனான மாரிசெல்வம் முடிவாகச் சொல்லிவிட்டான்.

"இந்த மாசத்துக்குள்ள ஒண்ணும் செய்யலைன்னா, நாங்க எட்டு பேரு ஊருக்கு, சங்கரன்கோவிலுக்கு பஸ் ஏறிருவோம், பாத்துக்கிடுங்க."

"போங்கடா. அங்க இன்னா, பனியா கொட்டுது?" என்றார் நாகப்பன்.

பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர் பச்சையப்பன் சத்தமாகச் சிரித்தார். முதலாளி தும்மினால் இவர் மூக்கைத் துடைத்துக்கொள்கிறவர் என்பது மாரிசெல்வத்தின் கணிப்பு.

மறுநாள் மத்தியானம் மெஷின் நின்றது. கொரியாவிலிருந்து இறக்கிய கம்ப்யூட்டர் மெஷின். பட்டறைக்கே அதுதான் உயிர். திரையில் சிவப்பு எழுத்து: 'ஓவர் ஹீட்.'

பச்சையப்பன் பதறிய பதற்றத்தைப் பார்க்க வேண்டுமே! பாக்கிங் பெண்களுக்கு இருந்த ஒரே ஃபேனை இழுத்துவந்து மெஷின் பக்கம் திருப்பினார்.

"சார், அது எங்க ஃபேன்," என்றாள் செல்வலட்சுமி.

"நீ மயக்கம் போட்டா தண்ணி தெளிச்சா எழுந்துக்குவ. இது எழுந்துக்குமா?"

மாரிசெல்வம் பல்லைக் கடித்தான்.

நாகப்பன் ஓடிவந்தார். "இன்னாய்யா ஆச்சு என் தங்கத்துக்கு?"

"சூடு தாங்கல சார். கூரைக்கு ஏதாவது போட்டாத்தான் ஆவும்," என்றார் பச்சையப்பன்.

"இன்ஜினியருக்கு போன் போடு."

"அவர் வந்தா வண்டி, லாட்ஜு, பிரியாணி எல்லாம் நம்ம தலையில. கடைசியில அவரும் கூரையத்தான் காட்டுவாரு. ஜூலையில ஃப்ரீ சர்வீசுக்கு எப்படியும் வருவாரு சார்."

ஃப்ரீ என்றதும் நாகப்பன் அமைதியானார்.

சாயங்காலமே ரஞ்சித் என்ற வியாபாரி கூரைக்குப் போட மூன்று சாம்பிளோடு வந்தான். வெள்ளிக் காகிதம் ஒட்டிய பபிள் ஷீட். மெத்தை மாதிரி சுருட்டிய கண்ணாடி நார். இரண்டு தகட்டுக்கு நடுவே நுரை அடைத்த பஃப் பேனல்.

நாகப்பன் மூன்றையும் தடவித் தடவிப் பார்த்தார். பெண்டாட்டிக்குப் புடவை எடுக்கும்போதுகூட அவர் அவ்வளவு நேரம் செலவழித்ததில்லை.

"பபிள் ஷீட்டே போதும். மெஷினுக்கு மேல மட்டும் போடு."

"முழு கூரைக்கும் போட்டாத்தான் சார் பலன்."

"மெஷின் ஒரு மூலையிலதான கீது? ஊருக்கெல்லாம் எதுக்கு நான் குடை பிடிக்கணும்?"

போட்டார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு இருபது பேரும் மெஷினைச் சுற்றிப் பந்தி மாதிரி உட்கார்ந்தார்கள். மூன்றாம் நாள் மெஷின் மறுபடி நின்றது.

அடுத்து கண்ணாடி நார். அதுவும் மெஷினுக்கு மேலே மட்டும். நாலு நாள் ஓடி, திரும்ப நின்றது. நாகப்பன் மெஷினுக்கு விபூதி பூசி, எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார். பழம் வாடியதுதான் மிச்சம்.

"சுத்தி கீற சூடெல்லாம் இதும்மேலதான் சார் வருது," என்றார் பச்சையப்பன். "முழு கூரைக்கும் பஃப் பேனல் போட்டாத்தான் அடங்கும். பிராக்கெட் லேட்டானா கார் கம்பெனிக்காரன் ஆர்டரை வேற ஆளுக்குக் குடுத்துருவான்."

"ஒரு மெஷினுக்காக முழு கூரையுமா?"

"நம்ம புள்ள மாதிரி சார் அது."

மாரிசெல்வம் அவர் காதுபடவே சொன்னான். "ஏ செல்வலட்சுமி, அடுத்த பிறவியிலயாவது கொரியாவுல மெஷினாப் பொறந்துருவோம். நெத்தி நெறைய விபூதி, மூஞ்சிக்கு நேரா ஃபேனு. மனுசனாப் பொறந்து என்னத்தக் கண்டோம்!"

பச்சையப்பன் திரும்பினார். "வாய் மட்டும் நல்லா ஓடுது. கையும் கொஞ்சம் ஓடட்டும்டா."

மே கடைசியில், வெயில் மிச்சமிருக்கும்போதே, முழு கூரைக்கும் பஃப் பேனல் ஏறியது. பட்டறை ஊட்டியாகிவிடவில்லை. ஆனால் மனிதர்கள் மனிதர்கள் மாதிரி வேர்த்தார்கள். யாரும் விழவில்லை, சங்கரன்கோவில் பஸ்ஸை யாரும் தேடவும் இல்லை. மெஷினும் அதன்பிறகு நிற்கவில்லை.

மாரிசெல்வத்துக்குத்தான் மனசு ஆறவில்லை. ஒரு பொண்ணு சுருண்டு விழுந்தப்போ பல்லைக் காட்டுன மனுசன், இரும்புக்குச் சூடுன்னதும் அழாத குறையா கெஞ்சுதாரே என்று ரூமில் தினமும் பச்சையப்பனைத் தாளித்துக் கொட்டினான்.

ஜூலையில் இன்ஜினியர் வந்தார். திரையைத் தட்டித் தட்டிப் பார்த்தவர், பக்கத்தில் நின்ற மாரிசெல்வம் பக்கம் திரும்பிப் புருவத்தைச் சுருக்கினார்.

"ஏம்ப்பா, இந்த மெஷின் ஐம்பத்தஞ்சு டிகிரி வரைக்கும் நிக்காம ஓடுமே. நாற்பதுலயே நிக்கிற மாதிரி மாத்தி வச்சிருக்கு. யாரு கை வச்சது?"

"நாங்க யாரும் தொடலையே சார்."

"நீங்க நினைச்சாலும் தொட முடியாது. பாஸ்வேர்டு பச்சையப்பன் ஒருத்தர்கிட்டத்தான குடுத்திருக்கேன்?"

மாரிசெல்வம் வாசலைப் பார்த்தான். அங்கே பச்சையப்பன், முதலாளியின் கார் கதவைத் திறந்துவிட்டு, எதற்கோ சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எலி ஏதாவது அமுக்கியிருக்கும் சார்," என்றான் மாரிசெல்வம். "ரிப்போர்ட்ல எழுதிராதீங்க."