ஆரோக்கியமான மஜ்ஜை

"அக்கா, இது நல்லா இருக்கற ஆளோட மஜ்ஜையா? இங்க வந்து சொல்லுங்க."

சின்ன டாக்டர் போட்ட சத்தத்தில், சாயம் ஏற்றிய ஸ்லைடுகளைக் காயவைத்துக்கொண்டிருந்த லேப் அக்கா கையுறையோடு ஓடி வந்தாள்.

"ஆமா சார். பச்சை ஸ்டிக்கர்தானே ஒட்டியிருக்கேன். நோயாளிங்களோடதுன்னா மஞ்சள்."

"அது எனக்குத் தெரியாதா? முதிராத ரத்த அணு ஈசல் மாதிரி மொய்க்குது. அப்பட்டமான ரத்தப் புற்றுநோய். நோயாளியோட ஸ்லைடுல பச்சையை ஒட்டித் தொலைச்சிருக்கீங்க."

"இல்ல சார். ஒருத்தரோடதை முழுசா முடிச்சிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவேன். மாறியிருக்காது."

"அப்போ என் கண்ணுலதான் கோளாறா?"

அக்காவுக்கு ஒப்பந்த வேலை. ஒரு புகார் போனால் போதும், மறுநாளே வாசலோடு நிறுத்திவிடுவார்கள். அது சின்ன டாக்டருக்கும் தெரியும். தெரிந்துதான் கத்தினான்.

அவனுக்கும் வயிற்றெரிச்சல் இருக்கத்தான் செய்தது. நோய் பிடித்த மஜ்ஜையை ஒப்பிட்டுப் பார்க்க நல்ல மஜ்ஜை வேண்டும். அதை எடுக்க இடுப்பெலும்பில் தடித்த ஊசியை இறக்க வேண்டும். ஒரு நோயும் இல்லாதவன் எதற்கு வந்து குப்புறப் படுப்பான்? ஆள் கிடைப்பது குதிரைக் கொம்பு. அப்படிக் கிடைத்ததும் கலந்துபோனால், இத்தனை நாள் ஆராய்ச்சியும் அம்போ.

கொடுத்தவர் யாரென்று லேபுக்குச் சொல்வதில்லை. எண் மட்டும்தான் வரும். அதனால் அவரைத் தேடிப் போய்க் கேட்கவும் வழியில்லை.

ஸ்லைடு தட்டைத் தூக்கிக்கொண்டு நேரே ஊசி மேடத்தின் அறைக்குப் போனான்.

ஆராய்ச்சித் துறைக்கே தலைவர் அவர். ரத்தப் புற்றுநோயோடு மல்லுக்கட்டியே தலை நரைத்தவர். கையிலும் ஊசி, பேச்சிலும் ஊசி என்று மாணவர்கள் வைத்த பெயர். ஆராய்ச்சியில் பொய் சொல்கிறவன் நோயாளியின் கழுத்தில் கத்தி வைக்கிறான் என்பார். அந்த ஒரு பேச்சுக்காகவே சின்ன டாக்டர் வேறு எங்கும் போகாமல் இவரிடம் வந்து சேர்ந்திருந்தான்.

"மேடம், நம்ம லேப் அக்கா ஸ்லைடை மாத்திட்டாங்க. இனிமே அவங்களை வெச்சுக்க முடியாது. இன்னைக்கே நிறுத்தச் சொல்லுங்க."

"கொண்டா, பார்ப்போம்."

மேடம் எண்ணைப் பார்த்தார். ஸ்லைடை வைத்துக் குனிந்தார்.

குனிந்தவர் நிமிரவில்லை. இப்படி நகர்த்தினார், அப்படி நகர்த்தினார். அதே எண்ணில் இன்னொரு ஸ்லைடைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். ஒரு கை மேசை விளிம்பை இறுகப் பிடித்திருந்தது. சின்ன டாக்டருக்குக் கால் கடுத்தது.

கடைசியில் நிமிர்ந்தார்.

"பச்சையைக் கிழிச்சிட்டு மஞ்சள் ஒட்டிடு. நோயாளிங்க வரிசையில வை."

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. போயும் போயும் இவரா இப்படி?

"மேடம், ஒத்துவரலைன்னா இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் தள்ளிடறதா? நீங்களே இதை மோசடின்னு சொல்லுவீங்களே. நான் செய்ய மாட்டேன்."

"செய்ய மாட்டேன்னு சொன்னியே, அது சரி. ஆனா இது மோசடி இல்ல. ஸ்லைடு மாறலை. அந்தப் பொண்ணு சரியாத்தான் ஒட்டியிருக்கா. போய் முதல்ல அவகிட்ட மன்னிப்புக் கேளு."

"நல்லா இருக்கற ஆளுக்கு இவ்வளவு அணு எப்படி மேடம் வரும்?"

"நல்லா இருக்கோம்னு நினைச்சுத்தான் கொடுத்தாங்க. கொஞ்ச நாளா மாடி ஏறினா மூச்சு வாங்கியிருக்கு. வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டாங்க."

"இவ்வளவு அசட்டையாவா இருப்பாங்க? படிக்காதவங்களா?"

"நல்லாப் படிச்சவங்கதான்."

மேடத்தின் குரலில் வழக்கமான ஊசி இல்லை. அது அவனை என்னவோ செய்தது. அந்த முகம் தெரியாத மனிதருக்காக முதல்முறையாக மனசு கஷ்டப்பட்டது.

"பாவம் மேடம். நமக்கு உதவி செய்யணும்னு வந்து, இப்படி ஆயிடுச்சே."

"வேற ஆள் வரலையே. லேப்ல ஒவ்வொருத்தரையும் கேட்டுப் பார்த்தேன். நீகூட இடுப்பு வலின்னே."

சின்ன டாக்டர் தலையைக் குனிந்துகொண்டான். எந்த வலியும் அவனுக்கு இருந்ததில்லை. ஊசிக்குப் பயந்து சொன்ன சாக்கு. அந்தச் சாக்கைச் சொன்ன வாயால்தான் இன்று ஒருத்தியின் வேலைக்கே உலை வைக்கப் பார்த்திருக்கிறான். வெட்கமாக இருந்தது.

"யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாதில்லையா? அதான் அவங்களே போய்ப் படுத்துட்டாங்க," என்றார் மேடம்.

"உடனே மருந்தை ஆரம்பிச்சாகணுமே மேடம். அவங்ககிட்ட இதை யார் சொல்றது? வேணும்னா நானே போய்ப் பக்குவமா சொல்றேன்."

மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"யாரும் சொல்ல வேண்டாம்ப்பா. இப்பத்தான், உன் கண் முன்னாலயே, இந்த மைக்ராஸ்கோப்புல அவங்களே பாத்துக்கிட்டாங்க."