வல்லூறுகள் இறங்கும் பொட்டல்

இது நான் கண்டதல்ல. விடுதித் தோழி மரகதவல்லி யாரிடமோ கேட்டு எனக்குச் சொன்னது.

காக்கைகள் முட்டைகளைத் தின்றுவிடுகின்றன என்று, ஓர் ஆட்காட்டிப் பறவை கடலுக்கு அப்பாலிருந்து வல்லூறுகளை அழைத்துத் தன் பொட்டலில் தங்கவைத்தது. அதன்பின் காக்கைகள் தலைகாட்டவில்லை. ஆட்காட்டிக்குப் போன உயிர் திரும்பியது போலிருந்தது.

முட்டையிடும் காலம் வந்தது. “அண்ணே, அந்த ஓரமா உட்கார்ந்துக்கட்டுமா?” என்று தயங்கிக் கேட்டது.

“இதென்னம்மா கேள்வி, உன் இடம்தானே!” என்றது மூத்த வல்லூறு, மனதார. “ஆனா நாங்க இறங்குற இடமாச்சே, முட்டை நசுங்கிடும். பேசாம அந்த மரத்துல வச்சுக்கோ. காக்கா வந்தா நாங்க இருக்கோம்ல?”

ஆட்காட்டி மரத்தை அண்ணாந்து பார்த்தது. காப்பாற்ற வந்தவரிடம் எப்படி மறுப்பது? “சரிங்கண்ணே” என்றது.

பிறகு பறவைகள் பற்றிய நூலில் தேடிப் பார்த்தேன். ஆட்காட்டி மரத்தில் கூடு கட்டுவதில்லை, வெறுந்தரையில்தான் முட்டையிடும்.