தவறு குறிக்கும் தாள்

மதிய வெயில் ஐந்து காலி நாற்காலிகளின் மேல் விழுகிறது. பனியன் கம்பெனிகளுக்குச் செயலி செய்யும் குழுவில் தேவிப்பிரியா மட்டும் மிச்சம். நான்கு வருடமாகத் தையல் சூப்பர்வைசர்களுக்கு அவள் போனில் சொன்ன பதில்களைக் கேட்டுப் பழகிய ஏஐ, இப்போது அவள் குரலிலேயே பேசுகிறது. அது தவறினால் குறித்துவைப்பதுதான் அவள் வேலை. காலையிலிருந்து தாள் வெறுமையாகக் கிடக்கிறது. ஸ்பீக்கரில், மெஷின் இரைச்சலுக்கு நடுவே, சூப்பர்வைசர் வெள்ளையன்: "ஏங்கண்ணு, பண்டல் நம்பர் ஏற மாட்டீங்குது." "பச்சை பட்டனை ரெண்டு வாட்டி அமுத்துங்க, ஏறிருமுங்க," என்கிறது ஏஐ. "ஏறிருச்சு. சாப்ட்டியா கண்ணு?" தினமும் கேட்கிறவர்தான். "ஆச்சுங்க," என்கிறது அவள் குரல். திறக்காத டிபன் பாக்ஸைத் தள்ளிவைத்து, தவறு என்று குறிக்கப் பேனாவை எடுக்கிறாள். "செரி கண்ணு," என்று அவர் நிறைவோடு போனை வைக்கிறார். அவள் எதுவும் குறிக்காமலே பேனாவை மூடுகிறாள்.