எட்டாம் நம்பர் கேமரா

“சார், கையாட்டறான் பாருங்க! நல்லா பாருங்க!”

மோகன்ராஜ் மானிட்டரை மேனேஜர் துளசிராமன் பக்கம் திருப்பினான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அந்த இரும்புக் கம்பெனிக்கு நெட்வொர்க் ஆளாக அவன் வந்து பதினெட்டு நாள்தான் ஆகிறது. அதற்குள் ஒரு திருடனைப் பிடித்துவிட்டோம் என்று அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

திரையில் ஸ்கிராப் யார்டு. மணி சரியாக ஒன்று. எல்லோரும் கேன்டீனில் இருக்க, காண்ட்ராக்ட் லோடுமேன் பாக்கியராஜ் மட்டும் வெயிலில் ஒரு டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு, எட்டாம் நம்பர் கேமராவுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தான். கையைத் தூக்கி ஆட்டினான். டிபன் பாக்ஸைத் திறந்து கேமராவுக்குச் சாய்த்துக் காட்டினான். அப்புறம் நிதானமாகச் சாப்பிட ஆரம்பித்தான்.

“இன்னாய்யா இது, சோத்தைக் காட்றான்?”

“சிக்னல் சார்! இந்த நேரத்துல டெய்லி யாரோ வெளியிலருந்து இந்த ஒரு கேமராவ மட்டும் பாக்கறாங்க.”

“வெளியிலருந்து எப்டி? சர்வர் உள்ளதான இருக்கு?”

“உள்ளதான் சார் இருக்கு. வெளிய தெரியறது வாசல் காவல் மாதிரி இருக்கற ஃபயர்வாலோட அட்ரஸ் மட்டுந்தான். அந்த அட்ரஸத் தட்டினா நேரா இந்தக் கேமராவுக்கு இட்டுகினு வந்து விடற மாதிரி ஒரு வழி போட்டு வெச்சிருக்காங்க. பர்மிஷன் பேப்பர் எதுவும் இல்ல.”

“யார் போட்டது?”

“போன மாசம் துபாய்க்குப் போனாரே எபினேசர், எனக்கு முன்னாடி இருந்தவரு. அவருதான்.”

துளசிராமனுக்கு முகம் சிவந்துவிட்டது. போன மாதம்தான் யார்டில் நாலு மூட்டை செம்பு காணாமல் போயிருந்தது.

“அடப்பாவி! ரெண்டு பேரும் கூட்டா? போலீஸுக்கு போன் போடு.”

“அவசரப்படாதீங்க சார். இப்ப வழிய மூடிடறேன். எவன் தவிக்கறான்னு பாப்போம். தானா வந்து மாட்டுவான்.”

அந்தத் திங்கட்கிழமை, பாக்கியராஜ் சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போனதும் மோகன்ராஜ் வழியை மூடினான்.

செவ்வாய்க்கிழமை ஒரு மணிக்கு வெளியிலிருந்து பதினேழு தடவை தட்டல். புதன்கிழமை நாற்பத்து மூன்று தடவை. சாயங்காலம் நாலு மணி வரைக்கும் விடாமல் தட்டியிருந்தார்கள்.

“துடிக்கறான் சார்!” என்று மோகன்ராஜ் சிரித்தான். “இவன் இன்னாடான்னா கடை மூடினது தெரியாம இன்னும் கையாட்டிகினு கீறான்.”

வியாழக்கிழமை வெறும் இரண்டு தடவை.

“அடங்கிட்டான் சார்.”

வெள்ளிக்கிழமை மதியம், மணி பன்னிரண்டே முக்கால் இருக்கும். மேனேஜர் ரூம் வாசலில் பாக்கியராஜ் வந்து நின்றான். காண்ட்ராக்ட் ஆட்கள் அந்தப் பக்கமே வரக்கூடாது. செக்யூரிட்டி கையைப் பிடித்து இழுக்க இழுக்க, நகராமல் நின்றான்.

“சார்… யார்டு கேமரா ரிப்பேருங்களா? சரியாப் பூடும்னு மூணு நாளா பாத்துகினு கீறேன்.”

மோகன்ராஜ் துள்ளி எழுந்தான். “கேமரா ரிப்பேர்னு உனக்கு யாருய்யா சொன்னது? வெளிய இருக்கற உன் கூட்டாளியா?”

“கூட்டாளியா? இன்னா சார் சொல்றீங்க?”

“எல்லாம் தெரியும்! எபினேசர் உனக்கு இன்னாத்துக்கு வழி போட்டுக் குடுத்தான்? அதச் சொல்லு மொதல்ல.”

பாக்கியராஜ் தலையைக் குனிந்துகொண்டான்.

“எம் பொண்ணுக்கு சார். ஸ்நேகா. ஒம்போது வயசு. எலும்புல கேன்சரு. இங்க பக்கத்துல ஆரணில ஊட்ல படுத்த படுக்கை. ‘அப்பா துன்னாதான் நானும் துன்னுவேன்’னு ஒரே அடம். போனை இங்க கேட்லயே வாங்கி வெச்சிக்கிறாங்க. நான் அழுதுகினு இருந்தத எபினேசர் சார் பாத்துட்டாரு. ‘கேமராவாண்ட குந்திகினு துன்னுயா, பாப்பா ஊட்லருந்து போன்ல பாக்கும். வெளிய சொல்லாத, என் வேலை பூடும்’னாரு. இன்னா கொழம்புன்னு காட்டணும் சார். காட்டலன்னா கோச்சுக்கும்.”

துளசிராமன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “வுடுய்யா அவர,” என்று செக்யூரிட்டியைப் பார்த்துக் கத்தினார்.

இத்தனை நாள் கைகொட்டிச் சிரித்ததை நினைக்க மோகன்ராஜுக்கே அவமானமாக இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தான். ஒரு மணிக்கு இன்னும் பத்து நிமிஷம். பரபரவென்று கீபோர்டைத் தட்டினான்.

“அண்ணே, என்ன மன்னிச்சிடுங்கண்ணே. தொறந்துட்டேன். நீங்க யார்டுக்கு ஓடுங்க. பாப்பா பாக்கட்டும்.”

பாக்கியராஜ் நகரவில்லை.

“பாப்பா இல்ல சார். போய் ரெண்டு மாசமாவுது.”



“அப்ப… தட்டிகினே இருந்தது யாரு?” மோகன்ராஜ் கீபோர்டிலிருந்து கையை எடுத்தான்.

“எஞ்சம்சாரம் சார். விக்டோரியா. பாப்பா போனதுலருந்து சோத்தக் கையால தொடறதில்ல. ஒரு மணிக்கு மட்டும் அந்தப் போனை பாப்பா படுத்திருந்த எடத்துல வெச்சிகினு, நான் துன்றதப் பாத்துகினே அதுவும் நாலு வாய் துன்னும். நைட்ல நானே பெசஞ்சு ஊட்டினாலும் துப்பிடுது.”

அவன் தோள் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டான்.

“செவ்வாக்கெழமைலருந்து அது பல்லுல பச்சத்தண்ணி படல சார்.”