ஏழு செக்கன்

"வாயும் சொல்லும் ஒத்துவர வேணும், தம்பி. ஒரு நூலும் பிசகக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் முன்னால போட்டுக் காட்டப் போறன்."

கையடக்க வீடியோ கசெற்றை, பழைய கசெற்றுகளைச் சீடியாக்கிக் கொடுக்கும் கடைக்கார நஸ்ரியின் மேசையில் வைத்துவிட்டு, இக்னேசியஸ் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். துறைமுகப் பண்டகசாலையில் முப்பது வருடம் அதிகாரம் செய்த முதுகு. சாய்மானத்தைத் தொடுவது அதற்குக் கௌரவக் குறைவு. பக்கத்தில் மனைவி எல்சி, மடியில் குடையோடு.

கசெற்றில் இருந்தது மகள் ஜெசிகாவின் கலியாணம். பதினெட்டு வருடத்துக்கு முந்தியது. அன்றைய ஸ்டூடியோக்காரன் அதிலிருந்து எடுத்துக் கொடுத்த சீடியில், சம்பந்தி பிலேந்திரன் விருந்து மேசையில் இருந்து வாயை அசைப்பார், "இதென்ன சாப்பாடோ, மாட்டுக்கு வைச்ச கழுநீரோ?" என்று கேட்கும். அதைப் பார்த்த அன்றே இக்னேசியஸ் சம்பந்தி வீட்டு வாசலை மறந்தார். மகளின் மாமனாரை 'அந்தாள்' என்பதற்கு மேல் மரியாதையாக அவர் குறிப்பிட்டதில்லை.

"அந்தாள் அப்பிடிச் சொல்லவே இல்லையாம். சீடி பிழையாம். ஞாயிறு கோயில்ல பேத்திக்குப் புதுநன்மை, அந்த விருந்துக்கு அவையும் வருவினம். அசல் கசெற்றில இருக்கிறதையே போடுறன். மன்னிப்புக் கேக்கட்டும். இல்லாட்டி அந்தப் பந்தியில நான் இருக்கமாட்டன்."

"அது அந்த மனிசன்ர குரல் மாதிரி இல்லையெண்டு எத்தினை தரம் சொன்னனான்," என்றார் எல்சி.

"உமக்குக் காது மந்தம்."

"ஓம். உங்களோட நாப்பத்தஞ்சு வருசம் இருந்த காதெல்லோ."

நஸ்ரி ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கசெற்றைக் கமராவில் போட்டான். திரையில் கோயில் வாசல் சதுரம் சதுரமாக உடைந்தது.

"இது கலியாணமோ, தரைக்குப் பதிச்ச மாபிளோ?" என்றார் இக்னேசியஸ்.

"கசெற்றை வாசிக்கிற ஹெட்டில ஊத்தை, சேர்." அதைத் துடைக்கும் கசெற்றை ஓடவிட்டான். பிறகு கலியாணத்தைக் கடைசிவரை சுற்றி, திருப்பியும் சுற்றினான். உடைவு குறைந்ததே தவிரப் போகவில்லை.

"இன்னும் ரெண்டு சுத்துச் சுத்தினீரெண்டால் தாலியே கழண்டிடும்."

நஸ்ரி அலுமாரியிலிருந்து வேறொரு பழைய கமராவை இறக்கினான். "இதைப் பதிஞ்ச கமராவின்ர ஹெட் கொஞ்சம் சரிஞ்சிருந்திருக்கும். எல்லாக் கமராவும் இதை வாசிக்காது."

இது வாசித்தது. மாப்பிள்ளையின் நெற்றி வியர்வை வரை தெரிந்தது. இக்னேசியஸ் பெரிய மனது பண்ணித் தலையாட்டினார்.

நஸ்ரி பழைய சீடியையும் பக்கத்தில் ஓடவிட்டு ஒப்பிட்டான். "சீடி பிழைதான், சேர். அண்டைக்குக் கொம்பியூட்டரில ஏத்தேக்க, படம் உடைஞ்ச இடங்கள் விடுபட்டுப் போச்சு. சத்தம் விடுபடேல்ல. அதால படம் முந்தி ஓட, சத்தம் ஏழு செக்கன் பிந்தி வந்திருக்கு."

"ஏழு செக்கன் பிந்தினால் கழுநீர் பன்னீராகுமோ? விருந்து இடத்தைப் போடும்."

நஸ்ரி அந்த இடத்தைத் தேடிப் பார்த்தான். ஹெட்போனை மெல்லக் கழற்றினான். "சேர், இதை வீட்டில தனியப் பாக்கிறது நல்லம்."

"எதுக்குத் தனிய? எங்கட குடும்பத்தில ஒளிப்பு மறைப்பு இல்லை. சத்தத்தைக் கூட்டும்."

நஸ்ரி கூட்டினான்.

திரையில் சமையல் பந்தல் வந்தது. மணப்பெண்ணின் தகப்பன், வெள்ளைக் கோட்டோடு, அகப்பையும் கையுமாகக் கறியை ருசி பார்த்துவிட்டு, சமையல்காரனிடம் வாயைத் திறந்தார்: "இதென்ன சாப்பாடோ, மாட்டுக்கு வைச்ச கழுநீரோ?"

வாயும் சொல்லும் ஒரு நூலும் பிசகவில்லை. கமரா அதன்பிறகுதான் விருந்து மேசைக்குத் திரும்பியது. பிலேந்திரன் வாய் நிறையச் சோற்றோடு சொன்னார்: "சம்பந்தி வீட்டுக் கறியெண்டால் கறிதான். இன்னொரு அகப்பை போடுங்கோ."

எல்சி குடைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார். இக்னேசியஸின் முதுகு முதல் தடவையாகக் கதிரையில் சாய்ந்தது.

"தம்பி," என்றார், "நீர் சரியாக்கேல்ல, பழுதாக்கிப் போட்டீர். பழையபடி அந்த ஏழு செக்கன் பிந்தவிட்டுத் தாரும்."