யாருக்கு அர்ச்சனை

"பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ" என்றார் ஐயர்.

அவள் வாய் முந்திக்கொண்டது.

"சிவநாதன், பூரம். கௌசல்யா, ரோகிணி. ஆரபி, சதயம்."

சொன்ன பிறகுதான் யாருடைய பேர்கள் என்று உறைத்தது.

பழக்கம் பொல்லாதது. சின்ன வயதிலேயே தங்கள் மகள் ஆரபியின் பாஸ்போட்டில் அவளை லண்டனுக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள். அந்த வீட்டில் சமைத்தாள், கழுவினாள், அடி வாங்கினாள். வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குத் தட்டுச் சுமந்ததும், ஐயரிடம் இந்தப் பேர்களை ஒப்புவித்ததும் அவள்தான். சுவாமியிடம் பேசுகிற வேலையைக்கூட அவர்கள் தாங்களாகச் செய்ததில்லை.

அவர்களைச் சிறைக்கு அனுப்பிய சாட்சியும் அவளேதான். இப்போது அவர்களுக்கே அர்ச்சனை!

இன்று காலைதான், இந்த நாட்டில் இருக்கலாம் என்கிற வதிவிட அட்டை கைக்கு வந்தது. சொந்தப் பேரில். குடிவரவு அதிகாரிகள் கொடாக்கண்டர்கள் என்றால், அவளுக்காக வழக்காடிய சட்டத்தரணி யசோதா விடாக்கண்டி. அட்டையைக் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"முதல்ல ஆருக்குச் சொல்லப்போறீர், பிள்ளை?"

யோசித்துப் பார்த்தாள். ஒருவரும் இல்லை. அதனால்தான் கோயிலுக்கு வந்தாள்.

"அவைக்கு இல்லை, ஐயா" என்று ஐயரைத் தடுத்தாள். "எனக்கு மட்டும். சுகிர்தா."

"நட்சத்திரம்?"

தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். அம்மாவின் முகமே மங்கிவிட்டது. அட்டையில் இருக்கும் பிறந்தநாள்கூட யாரோ ஓர் அதிகாரி வைத்தது, ஜனவரி முதலாம் திகதி.

"தெரியாட்டிப் பரவாயில்லை. சுவாமி பேருக்குச் செய்வம்."

"வேண்டாம்." குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "இண்டைக்கு என்ன நட்சத்திரம்?"

"அவிட்டம்."

"அதையே சொல்லுங்கோ."

ஐயர் சரி என்று தலையாட்டினார். பிறகு மந்திரத்தைத் தொடங்கினார்.

சுகிர்தா என்று அவர் சொன்னது காதில் விழுந்ததும் அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"சககுடும்பானாம்..."

குடும்பத்தாரைச் சொல்லும் இந்த இடம் வந்தால் அந்த வீட்டுக்காரர்கள் முன்னால் போய் நெருங்கி நிற்பார்கள். தட்டுச் சுமந்தவள் ஓரடி விலக வேண்டும்.

அவள் விலகினாள்.

சந்நிதிக்கு முன்னால் யாரும் இல்லை.

ஐயர் மந்திரத்தை நிறுத்தாமல், முன்னுக்கு வரும்படி கையைக் காட்டினார்.

யாரைக் கூப்பிடுகிறார் என்று அவள் திரும்பிப் பார்த்தாள்.