இருமியிருக்கலாமே!

"தெரிஞ்சும் எழுதலையா? நிஜமாவா சொல்றே?"

கல்லூரி வாசலில் நின்றபடி நவநீதன் கேட்டார். கையில் வினாத்தாள் படபடத்தது.

எதிரே நின்ற ஷாஜியா தலையை மட்டும் ஆட்டினாள். அவர் மகள் அறிவுமதிக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. அவள் சொல்லச் சொல்லப் பரீட்சை எழுதிக் கொடுக்க வந்தவள்தான் ஷாஜியா. வேறொரு கல்லூரியில் முதல் வருஷம் படிக்கிறாள். சம்பளம் கிடையாது, சேவைதான்.

"சங்ககாலச் சோழர் தலைநகரத்தைப் பத்திக் கேட்டிருக்கான். அவ என்ன சொன்னா?"

"தஞ்சாவூர்னு ஆரம்பிச்சு, பெரிய கோயில் வரைக்கும் போயிட்டாங்க அங்கிள்."

"நீயும் எழுதிட்டே?"

"ஆமா அங்கிள்."

நவநீதனுக்குத் தலை சுற்றியது. குடியிருப்பது உறையூர். ரேஷன் கார்டு உறையூர். அரியமங்கலம் லேத் பட்டறைக்கு அவர் தினமும் பஸ் ஏறுவது உறையூர். அந்த ஊர்ப் பெண் உறையூரை மறந்து, முழுக் கேள்வியையும் கோட்டை விட்டிருக்கிறாள்!

"உனக்கு விடை தெரியும்ல?"

"தெரியும் அங்கிள். கேள்வியை இன்னொரு தடவை படிச்சேன். அவங்க கவனிக்கல."

"அழுத்திப் படிக்கிறது! தொண்டையைக் கனைக்கிறது! ஒரு தடவை இருமியிருக்கலாமேம்மா, குடியா முழுகிடும்?"

"அது தப்பு அங்கிள். வாய் அவங்களோடது, கை மட்டும்தான் உங்களோடதுன்னு எங்க காலேஜ் மேடம் சொல்லித்தான் அனுப்புவாங்க."

நேத்து முளைச்சது, சட்டம் பேச வந்துவிட்டது! நவநீதனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இந்த மார்க்கை நம்பித்தான் பி.எட். சீட். மகள் ஸ்ரீரங்கம் பக்கம் ஏதாவது பள்ளிக்கூடத்தில் டீச்சராகிவிட வேண்டும். தன் காலத்துக்குப் பிறகு யார் கையையும் எதிர்பார்க்காமல் நிற்க வேண்டும். அவருக்கு வேறென்ன ஆசை?

போன பரீட்சைக்கு வந்த ரெஜிஸ் தங்கமான பையன். பட்டறைக் கூட்டாளியின் மகன். "கொஞ்சம் பாத்து எழுதுப்பா" என்று மகளுக்குத் தெரியாமல் ஒரு வார்த்தை போட்டு வைத்தார். எண்பத்தெட்டு மார்க்! தெருவுக்கே மைசூர்பா கொடுத்தார். இந்தத் தடவை என்ன கிறுக்கோ, அவனை வேண்டாம் என்று சொல்லி இந்தப் பெண்ணைக் கேட்டு வாங்கியிருக்கிறாள் அறிவுமதி.

"உங்களுக்கெல்லாம் சேவை பண்ணினதா காலேஜ்ல சர்ட்டிபிகேட் வேணும். எங்களுக்கு இது வாழ்க்கை. இதுக்குப் பேரு சேவையா?"

ஷாஜியாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"சர்ட்டிபிகேட்டுக்காகத்தான் அங்கிள் பேர் கொடுத்தேன், பொய் சொல்லல. ஆனா இன்னைக்கு அந்தத் தப்பை எழுதுறப்ப மனசே கேக்கல. என் சொந்தப் பரீட்சைக்குக்கூட நான் இப்படித் தவிச்சதில்ல. இன்னொருத்தருக்காகத் தவிக்கிறதுன்னா என்னன்னு இங்க வந்துதான் தெரிஞ்சுக்கிட்டேன்."

தண்ணீர் குடிக்கப் போயிருந்த அறிவுமதி, வெள்ளைக் கோலைத் தட்டியபடி வந்து சேர்ந்தாள்.

"என்னப்பா சத்தம்?"

"உறையூர்ம்மா! சோழனுக்குத் தலைநகரம் நம்ம உறையூர்! தஞ்சாவூர்னு சொல்லியிருக்கியே!"

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, நம்ம ஊரா!" என்று சிரித்தே விட்டாள்.

"சிரிக்கிறியா? ரெஜிஸ் எழுதியிருந்தா இப்படி ஆகியிருக்குமா?"

சிரிப்பு நின்றது. அவள் கை காற்றில் துழாவி, ஷாஜியாவின் தோளைப் பிடித்துக்கொண்டது.

"அந்த எண்பத்தெட்டுல என்னோடது எவ்வளவுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாதுப்பா."

"என்னம்மா சொல்றே?"

"நான் சொல்லி நிறுத்தின பிறகும் ரெஜிஸ் அண்ணனோட பேனா ஓடிக்கிட்டே இருந்துச்சு. எனக்குக் கேட்டுச்சு. இன்னைக்கு, நான் நிறுத்தினப்பல்லாம் பேனாவும் நின்னுச்சுப்பா."